கோல்டு டாகர் விருது

கோல்டு டாகர் விருது என்பது குற்றப்புனைவு இலக்கியத்துக்காக ஐக்கிய இராச்சியத்தின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் விருதாகும். அவ்வாண்டின் சிறந்த குற்றப்புனைவுப் புதினத்துக்கு இது அளிக்கப்படுகிறது. 'தங்கக் குத்துவாள்' என்பது இப்பெயரின் பொருள். 1955 ஆம் ஆண்டில் வேறொரு பெயரில் தொடங்கப்பட்ட இவ்விருது, 1960 முதல் இப்பெயரைப் பெற்றது. விருது பெறுபவருக்கு அழகு வேலைப்பாடு கொண்ட குத்துவாளும் பணமுடிப்பும் வழங்கப்படுகின்றன.

அமெரிக்காவின் எட்கர் விருதுகளுடன், ஆங்கிலக் குற்றப்புனைவு உலகில் மிகவும் மதிக்கப்படும் விருதுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. மொழிபெயர்ப்பு நூல்கள் இவ்விருதுக்குத் தகுதியுடையவையா என்பது குறித்து 2005 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட முடிவு, விருதின் வரலாற்றில் முக்கியத் திருப்பமாக அமைந்தது.

தோற்றம்

குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தை 1953 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜான் கிரீசி என்ற ஆங்கில எழுத்தாளர் நிறுவினார். இவர் பல புனைபெயர்களில் 600 க்கும் மேற்பட்ட நூல்களை எழுதியவர். துப்பறியும் கதைகளும் மர்மக் கதைகளும் பெருமளவில் விற்பனையாயின. எனினும் அவை பொழுதுபோக்கு நூல்களாகவே பார்க்கப்பட்டன. பொதுவான இலக்கிய விருதுகளில் அவற்றுக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. எனவே இவ்வகை எழுத்துக்கெனத் தனி விருது ஒன்று ஏற்படுத்தப்பட்டது.

முதல் விருது 1955 ஆம் ஆண்டில் வின்ஸ்டன் கிரகாம் எழுதிய 'த லிட்டில் வால்ஸ்' என்ற புதினத்துக்கு வழங்கப்பட்டது. 'போல்டார்க்' என்னும் வரலாற்றுப் புதின வரிசையாலும், ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் திரைப்படமாக்கிய 'மார்னி' என்ற புதினத்தாலும் இவர் பின்னாளில் பரவலாக அறியப்பட்டார். 1958 இல் 'சம்ஒன் ஃபிரம் த பாஸ்ட்' என்ற நூலுக்காக மார்கோ பென்னட் இவ்விருதைப் பெற்றார். இவரே விருது பெற்ற முதல் பெண் எழுத்தாளர் ஆவார்.

பெயர்

1955 முதல் 1959 வரை இவ்விருது 'குராஸ்டு ரெட் ஹெர்ரிங்' விருது எனப்பட்டது. ஹெர்ரிங் என்பது ஒருவகைக் கடல்மீன். உப்பிட்டுப் புகையூட்டும்போது இது செந்நிறம் பெறுகிறது. ஆங்கிலத்தில் 'செந்நிற ஹெர்ரிங்' என்ற சொற்றொடர், கவனத்தைத் திசைதிருப்பும் பொய்த் தடயத்தைக் குறிக்கும். துப்பறியும் கதையில் உண்மைக் குற்றவாளியை மறைப்பதற்காக வேறொருவர் மீது வாசகரின் ஐயத்தைத் திருப்புவது வழக்கமான உத்தியாகும். அவ்வுத்தியே விருதின் முதற்பெயராக அமைந்தது.

1960 இல் பெயர் கோல்டு டாகர் என மாற்றப்பட்டது. இரண்டாம் இடம் பெறும் நூலுக்கு 1969 முதல் 2005 வரை சில்வர் டாகர், அதாவது வெள்ளிக் குத்துவாள், வழங்கப்பட்டது. டங்கன் லாரி என்ற தனியார் வங்கியின் நிதியுதவி கிடைத்ததால் 2006 முதல் 2008 வரை இவ்விருது டங்கன் லாரி டாகர் என்று அழைக்கப்பட்டது. அம்மூன்று ஆண்டுகளில் பரிசுத்தொகை 20,000 பவுண்டாக இருந்தது. 2009 முதல் மீண்டும் கோல்டு டாகர் என்ற பெயரே வழங்கி வருகிறது.

தேர்வு முறை

போட்டிக்குரிய காலப்பகுதியில் ஐக்கிய இராச்சியத்தில் வெளியான நூல்களைப் பதிப்பகங்கள் அனுப்புகின்றன. நடுவர் குழு அவற்றைப் படித்து முதலில் நெடும்பட்டியலையும், அதிலிருந்து குறும்பட்டியலையும், இறுதியில் வெற்றி பெற்ற நூலையும் அறிவிக்கிறது.

எழுத்தாளர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். ஆனால் நூல் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இந்த இரண்டாவது விதி தொடக்கம் முதல் இருந்ததன்று; 2006 ஆம் ஆண்டு விருதிலிருந்தே நடைமுறைக்கு வந்தது.

குற்றப்புனைவின் எல்லை

குற்றப்புனைவு என்றவுடன் ஒரு கொலை, சில சந்தேக நபர்கள், கடைசி அத்தியாயத்தில் உண்மையை வெளிப்படுத்தும் துப்பறிவாளர் என்ற அமைப்பே பலருக்கும் நினைவுக்கு வரும். விருது பெற்ற நூல்களின் பட்டியலோ இவ்வமைப்பைக் கடந்து செல்கிறது.

1963 இல் விருது பெற்ற ஜான் லே காரேயின் 'த ஸ்பை ஹூ கேம் இன் ஃபிரம் த கோல்ட்' ஓர் உளவுப் புதினமாகும். பெர்லின் சுவர் எழுப்பப்பட்ட 1961 ஆம் ஆண்டை அடுத்து எழுதப்பட்ட இந்நூலில், கொலையாளி யார் என்பதைவிட, தன் உளவாளியையே பலிகொடுக்கத் துணியும் ஓர் அரசின் செயல் நியாயமா என்பதே மையக் கேள்வியாக உள்ளது. விருதின் 50 ஆம் ஆண்டை ஒட்டி, அதுவரை விருது பெற்ற நூல்களுள் மிகச் சிறந்ததற்கு 'டாகர் ஆஃப் டாகர்ஸ்' என்ற சிறப்பு விருது 2005 இல் வழங்கப்பட்டபோது இந்நூலே தேர்ந்தெடுக்கப்பட்டது.

1971 இல் விருது பெற்ற ஜேம்ஸ் மெக்லூரின் 'த ஸ்டீம் பிக்' தென்னாப்பிரிக்காவில் நிகழ்கிறது. இனவொதுக்கல் சட்டங்கள் நடைமுறையில் இருந்த காலத்தில் ஒரு வெள்ளையினக் காவல் அதிகாரியும் ஒரு சூலு காவலரும் சேர்ந்து ஒரு கொலையைத் துப்பறிகின்றனர். குற்றத்தைத் தேடிச் செல்லும் கதை, சட்டமே அநீதியாக அமைந்த சமூகத்தையும் காட்டுகிறது.

1989 இல் விருது பெற்ற காலின் டெக்ஸ்டரின் 'த வென்ச் இஸ் டெட்' என்ற புதினத்தில், துப்பறிவாளர் மோர்ஸ் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவாறே, 1859 இல் நடந்ததாகக் கூறப்படும் ஒரு பழைய கொலை வழக்கை நூல்களின் துணையுடன் ஆராய்கிறார். 1967 இல் விருது பெற்ற எம்மா லேதன் என்பது ஒருவரின் பெயரன்று. மேரி ஜேன் லாட்சிஸ், மார்த்தா ஹெனிசார்ட் ஆகிய இரு அமெரிக்கப் பெண்களின் கூட்டுப் புனைபெயராகும். இவர்களின் கதைகளில் துப்பறிபவர் ஒரு வங்கியாளர்.

இவ்வாறு கதைக்களம், நாடு, காலம், அமைப்பு ஆகியவற்றில் விருது தன் எல்லையைத் தொடர்ந்து விரித்துக்கொண்டது. மொழியைப் பொறுத்தவரையிலும் அவ்விரிவு சில ஆண்டுகள் நிகழ்ந்தது.

மொழிபெயர்ப்பு நூல்களும் 2005 ஆம் ஆண்டு முடிவும்

விருது தொடங்கி 45 ஆண்டுகளுக்கு மேல், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்களே வெற்றி பெற்று வந்தன. 2001 இல் சுவீடிய எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல் எழுதிய 'சைடுடிராக்டு' விருது பெற்றது. 1995 இல் சுவீடிய மொழியில் வெளியான இப்புதினத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஸ்டீவன் டி. மரே.

அடுத்த ஆண்டே எசுப்பானிய மொழியில் எழுதும் ஹோசே கார்லோஸ் சோமோசாவின் 'த அதீனியன் மர்டர்ஸ்' விருது பெற்றது. சோனியா சோட்டோ இதனை மொழிபெயர்த்தார். பண்டைய ஏதென்சில் நிகழும் கொலைகளைப் பற்றிய ஒரு கிரேக்க நூலை மொழிபெயர்க்கும் ஒருவரே இக்கதையின் முக்கியப் பாத்திரம். அவர் எழுதும் அடிக்குறிப்புகளின் வழியாக இன்னொரு கதை வளர்கிறது. மொழிபெயர்ப்பாளரையே மையமாகக் கொண்ட ஒரு புதினம் மொழிபெயர்ப்பின் மூலம் ஆங்கில வாசகரை அடைந்து இவ்விருதைப் பெற்றது குறிப்பிடத்தக்கது.

2005 இல் ஐசுலாந்து எழுத்தாளர் அர்னால்டுர் இந்த்ரிதாசோனின் 'சைலன்ஸ் ஆஃப் த கிரேவ்' விருது பெற்றது. ரெய்க்யவிக் நகரின் புறநகரில் வீடு கட்டும் இடத்தில் ஓர் எலும்புக்கூடு கண்டெடுக்கப்படுகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு குடும்பத்தில் நிகழ்ந்த கொடுமையை அது வெளிக்கொணர்கிறது. இந்நூலின் மொழிபெயர்ப்பாளர் பெர்னார்டு ஸ்கடர். அவ்வாண்டின் குறும்பட்டியலில் இருந்த நூல்களில் பாதிக்கும் மேற்பட்டவை மொழிபெயர்ப்புகளாக இருந்தன. 1938 இலேயே மறைந்துவிட்ட சுவிட்சர்லாந்து எழுத்தாளர் ஃபிரீட்ரிக் கிளாசர் 1936 இல் எழுதிய புதினமும், ஆங்கிலத்தில் அப்போதுதான் வெளியானதால், அப்பட்டியலில் இடம்பெற்றது.

2005 ஆம் ஆண்டு முடிவதற்குள் சங்கம் விதியை மாற்றியது. 2006 முதல் முதன்மை விருது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்களுக்கு மட்டும் என்றும், மொழிபெயர்ப்பு நூல்களுக்கு பன்னாட்டு டாகர் என்ற தனி விருது வழங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. இம்மாற்றமும், வங்கியின் நிதியுதவியால் பரிசுத்தொகை பெருமளவு உயர்ந்ததும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தன. இதனால் பெருந்தொகையுள்ள பரிசு ஆங்கில எழுத்தாளர்களுக்கென ஒதுக்கப்பட்டுவிட்டது என்ற விமர்சனம் எழுந்தது.

விதிமாற்றத்துக்கு ஆதரவான கருத்துகள் வருமாறு:

* மொழிபெயர்ப்பு நூலில் நடை, உரையாடல், சொல்லாட்சி ஆகியவை ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் ஆகிய இருவரின் உழைப்பால் உருவாகின்றன. மூலமொழி அறியாத நடுவர் இவற்றைப் பிரித்து மதிப்பிட இயலாது.
* பிறமொழியில் பல ஆண்டுகளுக்கு முன்பு வெளியாகி, புகழ் பெற்றுத் தேறிய நூல்களே பெரும்பாலும் மொழிபெயர்க்கப்படுகின்றன. அவற்றை அவ்வாண்டில் எழுதப்பட்ட புதிய நூல்களுடன் ஒப்பிடுவது சமமான போட்டி ஆகாது.
* தனி விருது இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மொழிபெயர்ப்பு நூலேனும் கவனம் பெறும். மொழிபெயர்ப்பாளரும் பரிசில் பங்கு பெறுவார்.

எதிரான கருத்துகள் வருமாறு:

* ஆண்டின் சிறந்த புதினம் என்று கூறும் விருது, வாசகர்கள் அதே கடையில் அதே மொழியில் வாங்கிப் படிக்கும் நூல்களில் ஒரு பகுதியை விலக்கிவைப்பது முரணானது.
* ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை மொழிபெயர்ப்பு நூல்கள் வென்ற பின்னரே விதி மாற்றப்பட்டதால், அது தரத்தைக் காக்கும் நடவடிக்கையாக அன்றி, போட்டியைக் குறைக்கும் நடவடிக்கையாகத் தோன்றியது.
* தனி விருது என்பது நடைமுறையில் இரண்டாம் நிலை விருதாகக் கருதப்படும் வாய்ப்பு உண்டு.

இருசாராரின் கருத்துகளுக்கும் அடிப்படையாக இருப்பது, மொழிபெயர்க்கப்பட்ட நூலின் சொற்கள் யாருடையவை என்ற கேள்வியே ஆகும். முதன்மை விருதில் இக்கேள்விக்கு இடமில்லாமல் போனது. புதிய விருது இக்கேள்வியை ஏற்று, இருவரையும் சேர்த்துப் பாராட்டியது.

பன்னாட்டு டாகர்

2006 இல் முதல் பன்னாட்டு டாகர் பிரான்சு எழுத்தாளர் ஃபிரெட் வர்காசின் 'த த்ரீ இவாஞ்செலிஸ்ட்ஸ்' நூலுக்கு வழங்கப்பட்டது. ஃபிரெட் வர்காஸ் என்பது தொல்லியல் அறிஞரான ஒரு பெண் எழுத்தாளரின் புனைபெயர். அவருடன் மொழிபெயர்ப்பாளர் சியான் ரெனால்ட்சும் சிறப்பிக்கப்பட்டார். வர்காசின் நூல்கள் 2007, 2009, 2013 ஆகிய ஆண்டுகளிலும் வெற்றி பெற்றன. நான்கையும் மொழிபெயர்த்தவர் ரெனால்ட்ஸ் ஆவார்.

2008 இல் டொமினிக் மனோட்டியின் 'லொரேன் கனெக்‌ஷன்' வென்றது. உலகெங்கும் பெரும் விற்பனையை எட்டிய ஸ்டீக் லார்சனின் 'த கேர்ள் வித் த டிராகன் டாட்டூ' அவ்வாண்டின் குறும்பட்டியலில் இருந்தும் வெற்றி பெறவில்லை.

2013 இல் விருது இரு நூல்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றான பியேர் லெமேத்ரின் 'அலெக்ஸ்' நூலின் மொழிபெயர்ப்பாளர் ஃபிராங்க் வின். அடுத்த மூன்று ஆண்டுகளிலும் அவர் மொழிபெயர்த்த நூல்களே வென்றன: 2014 இல் அர்த்தூரோ பெரெஸ்-ரெவெர்த்தேயின் 'த சீஜ்', 2015 இல் லெமேத்ரின் 'கமீல்', 2016 இல் அவருடைய 'த கிரேட் ஸ்விண்டில்'. இவற்றுள் 'த சீஜ்' எசுப்பானிய மொழியிலிருந்தும் மற்றவை பிரெஞ்சு மொழியிலிருந்தும் பெயர்க்கப்பட்டவை. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஒரே மொழிபெயர்ப்பாளரின் நூல்கள் வென்றது, மொழிபெயர்ப்பாளரின் பங்கைத் தனியே மதிப்பிட வேண்டும் என்ற வாதத்துக்கு வலுச் சேர்ப்பதாக உள்ளது.

பின்னாளில் இவ்விருதின் பெயர் 'மொழிபெயர்ப்புக் குற்றப்புனைவு டாகர்' என மாற்றப்பட்டது. இதனால் நூல் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதற்கு மாறாக, அது மொழிபெயர்க்கப்பட்டது என்பதே பெயரில் முன்னிறுத்தப்பட்டது. தொடக்கத்தில் ஐரோப்பிய மொழி நூல்களே வென்றன. 2019 இல் எபிரேய மொழியிலிருந்து பெயர்க்கப்பட்ட டோவ் ஆல்ஃபோனின் 'எ லாங் நைட் இன் பாரிஸ்', 2021 இல் கொரிய மொழியிலிருந்து பெயர்க்கப்பட்ட யுன் கோ-உன்னின் 'த டிசாஸ்டர் டூரிஸ்ட்', 2025 இல் சப்பானிய மொழியிலிருந்து பெயர்க்கப்பட்ட அகிரா ஓதானியின் 'த நைட் ஆஃப் பாபா யாகா' ஆகியவை வென்றன. 2025 வரை எந்த இந்திய மொழியிலிருந்தும் மொழிபெயர்க்கப்பட்ட நூல் இவ்விருதைப் பெறவில்லை.

இந்தியத் தொடர்பு

1964 இல் கோல்டு டாகர் பெற்ற எச். ஆர். எஃப். கீட்டிங்கின் 'த பெர்ஃபெக்ட் மர்டர்' பம்பாய் நகரில் நிகழும் கதையாகும். பம்பாய்க் காவல் துறையைச் சேர்ந்த ஆய்வாளர் கோட்டே என்ற பாத்திரம் இதில் அறிமுகமானது. 'பெர்ஃபெக்ட்' என்பது தாக்குதலுக்கு உள்ளாகும் பார்சி செயலாளரின் பெயர். எனவே தலைப்பு 'குறையற்ற கொலை' என்றும் 'பெர்ஃபெக்டின் கொலை' என்றும் இருபொருள்படும்.

கீட்டிங் இந்நூலை எழுதியபோது இந்தியாவைப் பார்த்ததே இல்லை. நூல்களையும் பிற செய்திகளையும் கொண்டு சுமார் பத்தாண்டுகள் கோட்டே கதைகளை எழுதிய பின்னரே, ஏர் இந்தியா நிறுவனத்தின் அழைப்பின்பேரில் அவர் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தார். 1980 இல் 'த மர்டர் ஆஃப் த மகாராஜா' என்ற மற்றோர் இந்தியப் பின்னணிப் புதினத்துக்காக மீண்டும் கோல்டு டாகர் பெற்றார். 'த பெர்ஃபெக்ட் மர்டர்' 1988 இல் திரைப்படமானது. அதில் நசீருதீன் ஷா கோட்டேயாக நடித்தார்.

அண்மைக் காலத்தில் தெற்காசியப் பின்புலம் கொண்ட பிரித்தானிய எழுத்தாளர்கள் இச்சங்கத்தின் வரலாற்று டாகர் விருதைப் பெற்றுள்ளனர். 1919 ஆம் ஆண்டுக் கல்கத்தாவில் நிகழும் 'எ ரைசிங் மேன்' புதினத்துக்காக அபிர் முகர்ஜி 2017 இலும், விடுதலைக்குப் பிந்தைய பம்பாயில் நிகழும் 'மிட்நைட் அட் மலபார் ஹவுஸ்' புதினத்துக்காக வசீம் கான் 2021 இலும் இவ்விருதைப் பெற்றனர். வசீம் கான் 2023 இல் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பிற டாகர் விருதுகள்

* டைமண்ட் டாகர்: வாழ்நாள் பங்களிப்புக்காக 1986 முதல் வழங்கப்படுகிறது. முதலில் பெற்றவர் எரிக் ஆம்ப்ளர்.
* இயன் ஃபிளெமிங் ஸ்டீல் டாகர்: பரபரப்புப் புதினங்களுக்கு 2002 முதல் வழங்கப்படுகிறது. ஜேம்ஸ் பாண்ட் பாத்திரத்தைப் படைத்தவரின் பெயரால் அமைந்தது.
* ஜான் கிரீசி டாகர்: எழுத்தாளரின் முதல் புதினத்துக்கு 1973 முதல் வழங்கப்படுகிறது.
* வரலாற்று டாகர்: கடந்த காலத்தில் நிகழும் குற்றப்புனைவுக்கு 1999 முதல் வழங்கப்படுகிறது.
* அபுனைவு கோல்டு டாகர்: உண்மைக் குற்றங்களைப் பற்றிய நூல்களுக்கு 1978 முதல் வழங்கப்படுகிறது.

சிறப்புச் செய்திகள்

* கோல்டு டாகரை மிகுதியான முறை வென்றவர் ரூத் ரெண்டெல். இவர் தம் பெயரில் 1976, 1986 ஆகிய ஆண்டுகளிலும், பார்பரா வைன் என்ற புனைபெயரில் 1987, 1991 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார்.
* லயனல் டேவிட்சன் மூன்று முறை (1960, 1966, 1978) வென்றார்.
* பீட்டர் டிக்கின்சன் 1968, 1969 ஆகிய அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்றார்.
* அகதா கிறிஸ்டி இவ்விருதைப் பெற்றதில்லை. பி. டி. ஜேம்ஸ் மூன்று முறை சில்வர் டாகர் பெற்றபோதும் கோல்டு டாகர் பெறவில்லை.
* 2007 இல் 'த புரோக்கன் ஷோர்' நூலுக்காகப் பீட்டர் டெம்பிள் விருது பெற்றதன் மூலம், இதனைப் பெற்ற முதல் ஆத்திரேலியர் ஆனார்.

2006 முதல் விருது பெற்ற நூல்கள் சில

* 2006: ஆன் கிளீவ்ஸ், 'ரேவன் பிளாக்'
* 2010: பெலிண்டா பாவர், 'பிளாக்லேண்ட்ஸ்'
* 2013: மிக் ஹெரன், 'டெட் லயன்ஸ்'
* 2015: மைக்கேல் ரோபோதம், 'லைஃப் ஆர் டெத்'
* 2017: ஜேன் ஹார்ப்பர், 'த டிரை'
* 2019: எம். டபிள்யூ. கிரேவன், 'த பப்பெட் ஷோ'
* 2020: மைக்கேல் ரோபோதம், 'குட் கேர்ள், பேட் கேர்ள்'
* 2021: கிறிஸ் விட்டேக்கர், 'வீ பிகின் அட் தி எண்ட்'
* 2022: ரே செலஸ்டின், 'சன்செட் ஸ்விங்'
* 2024: ஊனா மேனியன், 'டெல் மீ வாட் ஐ ஆம்'
* 2025: அன்னா மசோலா, 'த புக் ஆஃப் சீக்ரெட்ஸ்'